பாகத்தை நிறுத்துங்கள், வரைபடத்தைக் கொடுங்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். இந்த மடல் உங்கள் விற்பனைப் பிரிவுக்குப் பயன்படாது. உதிரி பாகங்களைப் பார்த்துக்கொள்பவர்கள், பழைய வரைபடங்களுக்குப் பொறுப்பானவர்கள், எந்த அச்சை வைத்துக்கொள்வது எதை உருக்குவது என்று முடிவெடுப்பவர்கள், இவர்கள் படித்தால் போதும்.

நானும் என் கணவரும் உங்களில் ஒருவர் செய்த பழைய கார் ஒன்றை அக்கக்காகப் பிரித்து, துருவை வெட்டியெடுத்து, மறுபடி சாலையில் இறக்கப் பார்க்கிறோம். தகர வேலை, வெல்டிங் எல்லாம் அவர். வயரிங், பிரேக், கார்பரேட்டர் என் பக்கம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் "அப்பாடா, நாம் இல்லை" என்று மடலை மூடிவிடுவீர்கள். குடும்பத்தோடு வெளியே போக ஒரு காலத்தில் நிறையப் பேர் வாங்கிய சாதாரண நாலு கதவு கார், அவ்வளவுதான். பந்தயத்தில் ஓடியதில்லை. எந்த அருங்காட்சியகமும் இதைக் கேட்டு வராது. வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் வேலை நடக்கிறது. ஒன்றும் மிஞ்சாத மாதத்தில் வண்டி ஸ்டாண்டின் மேல் அப்படியே நிற்கும், நாங்கள் துரு தேய்த்துக்கொண்டிருப்போம். அதற்கு உப்புத்தாளும் தோள்வலியும் போதும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாகத்தைச் செய்வதை நீங்கள் நிறுத்தும்போது, அதன் வரைபடத்தையும் அளவுகளையும் என்ன பொருளில் செய்தீர்கள் என்ற விவரத்தையும் வெளியே விடுங்கள். எங்களுக்காகக் காலமெல்லாம் பார்ட்ஸ் செய்துகொண்டே இருங்கள் என்று கேட்கவில்லை. விற்காத பொருளைக் கிடங்கில் வைத்திருப்பதற்கும் செலவு உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். நீங்கள் விட்ட வேலையை வேறு யாராவது செய்ய வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பழைய கார் என்றாலே எஞ்சின்தான் பெரிய தலைவலி என்று வெளியில் நினைக்கிறார்கள். எஞ்சின் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கவே இல்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் உள்சுவரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்க் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். அந்தக் காலத்து எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தவை. ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓட்டினால் மென்மையான வால்வு சீட்டுகள் குழிந்துபோகும். (ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.) அதற்கும் கெட்டியான சீட்டுகளை அழுத்திப் பொருத்திவிட்டால் தீர்ந்தது. லேத் வைத்திருப்பவரும் கை நிதானம் உள்ளவரும் இருந்தால் இரும்பில் செய்த எதையும் மீட்டுவிடலாம்.

காரைக் கொல்வது ரப்பரும் பிளாஸ்டிக்கும்.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பீடிங் எத்தனையோ வகை கிடைக்கிறது. எங்கள் கதவுக்குச் சரியானது மட்டும் கிடைக்கவில்லை. தகட்டு விளிம்பைக் கவ்வ ஒரு பள்ளம், மறுபக்கம் உள்ளே காற்றோடு ஒரு குழல், குழலுக்கு அடியில் மெல்லிய உதடு ஒன்று. அந்த உதடு எதற்கு என்று முதலில் எங்களுக்கும் புரியவில்லை. உதடு இல்லாத பீடிங்கை மாட்டி, கதவின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே வரும் தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பிவிடுவது அதுதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் போய்த் தங்கும், விரிப்பு காயவே காயாது, தரைத் தகடு அடியிலிருந்து அரிக்கும். கொஞ்சம் தடிமனாகப் போட்டாலோ கதவு மூடாது. ஓங்கி அறைந்து மூடி மூடிப் பூட்டு தேய்ந்துவிடும்.

சரி, நாமே செய்யச் சொல்லிவிடலாம் என்று பழைய பீடிங்கைக் குறுக்காக பிளேடால் வெட்டி, வெட்டிய முகத்தை மையில் தொட்டுத் தாளில் முத்திரை குத்தினோம். அச்சு செய்பவரிடம் காட்டத் தெளிவான வடிவம் வேண்டுமே. கதவின் மேல்பக்கத்தில் வெட்டியது ஒரு வடிவம், கீழே வெட்டியது வேறு வடிவம், கீல் பக்கத்தில் வெட்டியது இன்னொன்று. கதவு அழுத்திய இடத்தில் நசுங்கி, வெயில் பட்ட இடத்தில் சுருங்கி, ஒரே ரப்பர் இடத்துக்கு இடம் மாறிப்போயிருக்கிறது. இவற்றில் நீங்கள் செய்த வடிவம் எது? முத்திரைத் தாளை மேசைமேல் பரப்பி வைத்து கணவரும் நானும் ஊகித்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் உங்கள் ஆவணக் கிடங்கில் ஏதோ ஓர் அலமாரியில் அந்த வெட்டுமுகம் மில்லிமீட்டர் சுத்தமாக, ரப்பரின் கடினம் எவ்வளவு என்ற குறிப்போடு தூங்கிக்கொண்டிருக்கும்.

பாக எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு முகவரிடம் போனோம். திரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டாங்க" என்றார் அங்கே இருந்த தம்பி. அவ்வளவுதான். வேறு எந்தப் பாகம் பொருந்தும், யாராவது செய்கிறார்களா, அளவாவது கிடைக்குமா, எதற்கும் அந்தத் திரையில் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; அந்தத் திரையில் இருப்பதைத்தானே அவர் சொல்ல முடியும்.

உங்களில் சிலர் இதற்குப் பதில் வைத்திருப்பீர்கள்: "நாங்கள்தான் பழைய கார்களுக்குத் தனித் திட்டமே நடத்துகிறோமே." நடத்துகிறீர்கள், மறுக்கவில்லை. நிசான் 2017இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடிஆருக்கு நின்றுபோன பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. டொயோட்டா 2020இல் 2000ஜிடி, பழைய சுப்ரா மாடல்களுக்குச் செய்தது. போர்ஷே, 959 காரின் கிளட்ச் நெம்புகோலை உலோகப் பொடியிலிருந்து முப்பரிமாண அச்சில் எடுத்தது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் பட்டியலைப் பாருங்கள். ஏலத்தில் கை தூக்குகிறவர்களின் கார்கள் இவை. மாஸ்டாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1989இல் வந்த எம்எக்ஸ்-5 சம்பளக்காரர்களும் எட்டிப்பிடிக்கக்கூடிய காராகத்தான் வந்தது. அதற்கு அவர்கள் 2017இல் மறுசீரமைப்புத் திட்டம் அறிவித்து, பாகங்களையும் மறுபடி செய்தார்கள்.

இன்னொரு கோடியில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் பழைய மினியும் பிழைத்துக்கொண்டன. பீட்டில் 2003 வரை மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். மினி 1959 முதல் 2000 வரை ஐம்பது லட்சத்துக்கு மேல். அத்தனை வண்டி இருந்தால் கம்பெனி கைவிட்டாலும் வெளியாட்கள் செய்து விற்றுப் பிழைக்கலாம். மினிக்கு முழு பாடியே புதிதாக வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் செய்து தருகிறது. எம்ஜிபி என்ற காருக்கு அவர்கள் 1988லேயே தொடங்கிவிட்டார்கள், அதுவும் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து. ஆக, விலை எகிறிய கார் பிழைக்கும், கணக்கில்லாமல் செய்த கார் பிழைக்கும். நடுவில் இருக்கும் குடும்பக் கார்கள் பத்து விரல் நீள ரப்பர் கிடைக்காமல் பழைய இரும்புக்குப் போகின்றன. எங்கள் கார் அந்த நடுவில்தான் நிற்கிறது.

நடுவில் நிற்கும் காருக்குப் பாகம் செய்யத் தயாராக இருக்கும் சின்னப் பட்டறைகள் உண்டு. ரப்பர் வார்ப்பவர்கள், கேஸ்கெட் வெட்டுபவர்கள், முப்பரிமாண அச்சு வைத்திருப்பவர்கள். நூறு துண்டு, இருநூறு துண்டு என்றால்கூட செய்கிறோம் என்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது டிராயிங்தான். அந்த இடத்தில்தான் எங்கள் வாய் அடைத்துப்போகிறது.

இப்போது மாற்றங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "நாங்கள் செய்த காரை நீங்கள் கண்டபடி மாற்றிவிட்டீர்களே" என்று நீங்கள் கேட்கலாம். மாற்றியிருக்கிறோம். ஒளிக்கவில்லை. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், இந்த வண்டிக்கு நீங்கள் வைத்தது ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டை மாற்றலாம் என்று பார்த்தால் கிட் இல்லை. அதனால் அதே குடும்பத்தில் பின்னால் வந்த மாடலின் இரட்டைச் சுற்று சிலிண்டரையும் முன்பக்க டிஸ்க்கையும் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினோம். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பழைய வகைப் பாயிண்ட்டும் கண்டென்சரும் இன்றும் கிடைக்கின்றன, ஆனால் தரம் கண்றாவி; வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாயிற்று. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. பின்சீட்டுக்கு பெல்ட்டே கிடையாது. தகட்டை உள்பக்கம் பலப்படுத்தி மும்முனை பெல்ட் மாட்டினோம். எதையும் வெட்டிப் போடவில்லை. கழற்றியதெல்லாம் பெயர் எழுதிப் பெட்டியில் இருக்கிறது, திரும்பப் போடலாம். அகல டயரும் போட எனக்கு ஆசை. வளைவில் உரசும், பேரிங்குக்குச் சுமை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதத்துக்குத் தனி மடல் எழுத வேண்டும்.

இவற்றில் பாதி மாற்றங்கள் நாங்கள் விரும்பிச் செய்தவை. மீதிப் பாதி உங்கள் பாகம் கிடைக்காததால் செய்தவை. உங்கள் கார் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்ற அக்கறை உங்களுக்கு இருந்தால், அதற்கும் வழி வரைபடம்தான்.

முகப்பு விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் போட்ட வயரிங்கில் முழு மின்னோட்டமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. சுவிட்சும் இணைப்புகளும் பழசானதும் வழியிலேயே வோல்ட் இறங்குகிறது. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். விளக்கு எரியும், சாலை தெரியாது. ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால் சரியாகிவிடும், சொற்பச் செலவு. ஆனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே. எங்களிடம் இருக்கும் வயரிங் படம் நகலின் நகலின் நகல். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் இரண்டும் அங்கே இணைகின்றன, இல்லாவிட்டால் சும்மா தாண்டிப் போகின்றன. எங்கள் தாளில் எது புள்ளி, எது நகல் எடுத்த இயந்திரத்தின் அழுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வண்டியில் போய்ப் பார்த்தால் எல்லாக் கம்பியும் வெளுத்து ஒரே நிறம். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். தீப்பிடிக்கும் விஷயம் இது. ஊகத்தில் விட முடியாது. அந்தப் படத்தின் அசல் ஒரு பக்கம்தான். அதை ஒருமுறை ஸ்கேன் செய்து பொதுவில் போட உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

"பிரேக் மாதிரி உயிர்ப் பாகங்களை யார் யாரோ செய்தால், விபத்து நடந்தால் பழி எங்கள் மேல் வரும்" என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லும். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தலைகீழாக இருக்கிறது. இப்போது மட்டும் யாரும் செய்யாமலா இருக்கிறார்கள்? அளவு தெரியாமல், பொருள் தெரியாமல் செய்கிறார்கள். சாதாரண கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்கு ஈபிடிஎம் ரப்பர் வேண்டும். அதில் நைட்ரைல் ரப்பரைப் போட்டால் உப்பிக் கெட்டுப்போகும். பெட்ரோலுக்கு நேர்மாறு: அங்கே நைட்ரைல் தாங்கும், ஈபிடிஎம் உப்பும். இரண்டும் கறுப்பு, கையில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரி. எந்த இடத்தில் எது என்று நீங்கள் ஒரு வரி வெளியிட்டால், தப்பான வாஷர் போட்டு ஒருவர் மலைச்சரிவில் பிரேக் இல்லாமல் இறங்குவது தவிரும். எங்கள் காரின் பின்சக்கரம் ஒன்று பிரேக்கை விட்ட பிறகும் இறுகியே நின்று கொதித்தது. ஹோஸ் வெளியே பார்க்க வெடிப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்சுவர் உப்பி, நடுத்துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. அதை விற்றவர் நல்ல எண்ணத்தோடுதான் விற்றிருப்பார். அவருக்கும் எந்த ரப்பர் என்று தெரியாது. பொறுப்பு குறித்த பயம் இருந்தால் வரைபடத்தின் மேலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை போடுங்கள், பரிசோதனைத் தரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மறைத்து வைப்பதால் யாரும் பத்திரமாக இல்லை.

தொழில் ரகசியம் என்பீர்களா? நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதவு ரப்பரில் என்ன ரகசியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தொழிலிலேயே பெருந்தன்மைக்கு முன்மாதிரி உண்டு. வோல்வோவில் நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட்டை, காப்புரிமை வைத்திருந்தும் மற்றவர்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நாங்கள் பின்சீட்டில் மாட்டிய பெல்ட் அந்த வழியில் வந்ததுதான். டொயோட்டா 2019இல் ஹைப்ரிட் தொழில்நுட்பத்தின் கிட்டத்தட்ட 24,000 காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டது. இன்றைக்கும் பணம் கொழிக்கும் தொழில்நுட்பத்தையே விட முடிகிறவர்களுக்கு, செத்துப்போன மாடலின் வைப்பர் மோட்டார் படத்தை விடுவதில் என்ன நஷ்டம்?

பழைய கார் ஓட்டுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றெல்லாம் நான் வாதாடப் போவதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்பரேட்டர் வண்டி விடும் புகை புது வண்டியைவிட மோசம்தான். நாங்கள் இதை தினமும் ஓட்டப்போவதும் இல்லை. செய்து முடித்த ஒரு பொருளை, இன்னும் ஓடக்கூடியதை, ஒரு ரப்பருக்காகத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அது எங்கள் விருப்பம். அதற்கு மேல் பெரிய நியாயம் எதுவும் கட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இன்று நீங்கள் விற்கும் கார்களை நினைத்தால்தான் கவலை அதிகம். எங்கள் வண்டியில் எதுவும் பூட்டிக் கிடக்கவில்லை. திருப்புளி இருந்தால் கார்பரேட்டர் திறக்கும். 1990களின் வண்டிகளிலேயே கம்ப்யூட்டர் பலகையில் மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிக்கின்றன. அவற்றையாவது சால்டர் செய்து மாற்றுகிறார்கள். இன்றைய காரில் கதவுக் கண்ணாடி மோட்டாரிலிருந்து முகப்பு விளக்கு வரை பலவற்றை மாற்றினால், அதை உங்கள் மென்பொருள் அடையாளம் கண்டு ஏற்க வேண்டியிருக்கிறது. இருபது வருஷம் கழித்து அந்த மென்பொருளுக்குப் பதில் சொல்லும் சர்வரை நீங்கள் மூடிவிட்டால்? பாகம் கையில் இருக்கும், நல்ல நிலையில் இருக்கும், வண்டி ஏற்றுக்கொள்ளாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012இல் மக்களே வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2020இல் மறுபடி வாக்களித்து, வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் அதில் சேர்த்தார்கள். சட்டம் வந்து உங்களை இழுப்பதற்கு முன்பே, ஒரு மாடலுக்கு ஆதரவை நிறுத்தும் அன்று அதன் மென்பொருள் பூட்டுகளைத் திறக்கும் வழியையும் விட்டுச் செல்வதாக நீங்களே அறிவிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. சர்வீஸ் மேனுவல், பாகப் பட்டியல், வயரிங் படம் மூன்றையும் முதலில் வெளியிடுங்கள். இவை ஏற்கெனவே அச்சிட்டு விற்றவைதான். அடுத்து ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் வரைபடங்கள். உலோகப் பாகங்கள் பிறகு வரட்டும், அவசரமில்லை. ஒரு பாகத்தின் கடைசி உற்பத்திக்கு முன்னால் ஓர் அறிவிப்பு கொடுங்கள், தேவையானவர்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்வோம். அச்சை உருக்கப் போகிறீர்கள் என்றால், உருக்கும் விலைக்கே வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள்.

எங்கள் தரப்பிலிருந்தும் ஒன்று தருகிறோம். வைப்பர் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரத்தில் பற்கள் உதிர்ந்துவிட்டன. அதுவும் நிறுத்தப்பட்டது. பற்களை எண்ணுவது சுலபம். அதோடு கோக்கும் திருகின் சாய்வுதான் சிக்கல். திருகை மையில் நனைத்துத் தாளில் உருட்டினோம், சாய்கோடுகள் விழுந்தன, அந்தக் கோணத்தை அளந்து கணினியில் வரைந்து நைலானில் அச்சிட்டு எடுத்தோம். இப்போது வைப்பர் ஓடுகிறது, கொஞ்சம் சத்தத்தோடு. அந்த வரைபடம் எங்களிடம் இருக்கிறது. இதே மோட்டாரை நீங்கள் வேறு மாடல்களிலும் போட்டிருக்கிறீர்கள், அதனால் உங்கள் முகவர்களிடம் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். கேட்டால் சொல்லுங்கள், இலவசமாக அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கார் ஒன்றின் இப்போதைய சொந்தக்காரர்கள்